மடு பெருநாளுக்கு முதல்தரம் போறியளோ, அப்ப இதை ஒருக்கா வாசிச்சிட்டு வெளிக்கிடுங்கோ

யூன் மாசம் பிறந்தா காணும், சொந்தக்காரர், வேலைத்தலத்தில கூட இருக்கிறாக்கள், வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிற மச்சாள் எண்டு எல்லாரும் என்னட்ட கேக்கிறது ஒண்டுதான், மன்னார்ப் பக்கம் காட்டுக்க இருக்கிற மடு மாதா கோயிலுக்கு எப்பிடிப் போறது, எங்க தங்கிறது, விடியப் போய் பின்னேரம் திரும்பலாமோ எண்டு. திரும்பலாம், ஏன் ஏலாது, யாழ்ப்பாணத்தில இருந்து வானில மூண்டு மூண்டரை மணித்தியாலம்தான். ஆனா பெருநாளுக்குப் போறதெண்டா ஒரு இரவாவது அங்க நிண்டிட்டு வாங்கோ, ஏனெண்டா மடு எண்டுறது அந்தக் காட்டுக்க ஒரு இரவு படுத்தெழும்பிறதுதான், மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகுதான். இதை நான் சொல்லேல்ல, எங்கட அம்மம்மா சொல்லுவா, அவா சின்னப்பிள்ளையா மாட்டு வண்டிலில போனவா, போறதுக்கே நாள்க்கணக்கு, வழியில சமைச்சுச் சாப்பிட்டுப் போறது, அப்ப ஒருத்தரும் ஒரே நாளில திரும்பி வாறதைப் பற்றிக் கதைக்கிறேல்ல.

முதல் எப்ப போறது எண்டதைப் பாப்பம். வருசத்தில ரெண்டு பெரிய பெருநாள் இருக்கு, ஒண்டு யூலை 2, எங்கட ஆக்கள் ஆடித் திருவிழா எண்டு சொல்லுறது, மற்றது ஓகஸ்ட் 15, ஆவணித் திருவிழா, மாதா விண்ணேற்ற பெருநாள். யூலைக்கு யூன் 23 கொடியேத்தம், ஓகஸ்ட்டுக்கு 6ஆம் திகதி கொடியேத்தம், அதில இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் நவநாள் செபம். முதல்தரம் போறாக்கள் யூலைக்குப் போங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். ஆவணிக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில இருந்து சிங்கள ஆக்கள் குடும்பம் குடும்பமா வருவினம், லட்சக்கணக்கில சனம், ஒரு மரநிழல்கூட மிச்சம் இராது. அது ஒரு தனி வடிவு, நான் இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா கைப்பிள்ளையோட போற ஆக்களுக்கும் முழங்கால் நோ இருக்கிற ஆக்களுக்கும் கஷ்டம். ஆடித் திருவிழாவில கூடுதலா எங்கட ஆக்கள், சனம் இருக்கும், ஆனா மூச்சு விடலாம். உங்களுக்குப் பெருநாள் ஒண்டும் வேண்டாம், மாதா அம்மாக்கு முன்னால கொஞ்சநேரம் சும்மா இருந்திட்டு வந்தாக் காணும் எண்டா ஏதாவது ஒரு கிழமைநாள் போங்கோ, கோயிலுக்க பத்துப் பேர் இருந்தாலே பெரிய விசயம்.

போறதுக்கு முதல் பிள்ளையளுக்கு ஒரு விசயத்தைச் சொல்லி வையுங்கோ, மாதாவின்ர சுருவம், அதுதான் சிலை, சின்னன். என்ர மகன் முதல்தரம் வரேக்க அஞ்சு வயசு, லட்சம் சனம் வாற கோயில் எண்டதால மாதா ஒரு மாடி உயரத்தில நிப்பா எண்டு நினைச்சுக்கொண்டு வந்திருக்கிறான், பீடத்துக்கு மேல சின்னனா முடியோட, கையில குழந்தையோட நிக்கிற அம்மாவைக் காட்டினா, "இவாதானோ?" எண்டு ஏதோ ஏமாந்த மாதிரிக் கேட்டான். அப்பதான் அம்மம்மா சொன்னா, "பெருசா இருந்திருந்தா ஆர் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பினம்?" எண்டு.

அந்தக் கதை தெரிஞ்சா போற இடம் என்னெண்டு விளங்கும், அதால சுருக்கமாச் சொல்லுறன். இந்தச் சுருவம் முதல் இருந்தது மடுவில இல்ல, மன்னார்ப் பக்கம் மாந்தையில, ஆரோக்கிய மாதா எண்ட பேரில. ஒல்லாந்தர் 1658இல யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் போத்துக்கேயரிட்ட இருந்து பிடிச்ச பிறகு கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்து கோயில்களைப் பறிச்சினம், சுவாமிமாரை, அதுதான் குருமாரை, கலைச்சினம். 1670 அளவில மாந்தையில இருந்து 20 குடும்பம் இந்தச் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தரின்ர கை எட்டாத வன்னிக் காட்டுக்க போச்சினம், யாழ்ப்பாணத்தில இருந்தும் கொஞ்சக் கத்தோலிக்க வேதக்காரர் அதே காட்டுப்பக்கம் போய்ச் சேந்திச்சினம், ஒரு 700 பேர் எண்டு சொல்லுறது. கடைசியா இப்ப மடு எண்டு சொல்லுற மருதமடுவில கொட்டில் போட்டு அம்மாவை வைச்சினம். அதுக்குப் பிறகு கோவாவில இருந்து ஒளிச்சு வந்த யோசே வாஸ் சுவாமி 1687இல இருந்து தொடங்கி ஊரூரா பிச்சைக்காரர் மாதிரித் திரிஞ்சு இந்தச் சனத்துக்குப் பூசை வைச்சவர், அவரைத்தான் 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில புனிதராக்கினவர், ஆக்கிப்போட்டு அண்டைக்குப் பின்னேரமே ஹெலியில மடுவுக்கு வந்து அந்தச் சின்னச் சுருவத்தைக் கையில பிடிச்சு சனத்துக்கு ஆசீர் குடுத்தவர். இப்ப நிக்கிற கோயிலுக்கு 1872இல ஆயர் பொன்ஜீன் ஆண்டவர் அத்திவாரக் கல்லு வைச்சவர், அப்ப மடு எங்கட யாழ்ப்பாண மேற்றாசனத்துக்குக் கீழதான், மன்னார் 1981இலதான் தனி மறைமாவட்டம் ஆனது. மாதாவுக்கு முடி சூட்டினது 1924 யூலை 2. காணும், சரித்திரம் இவ்வளவும் காணும்.

இல்ல, இன்னும் ஒண்டு இருக்கு, றோட்டைப் பற்றிச் சொல்லேக்க சொல்லுறன்.

யாழ்ப்பாணத்தில இருந்து ரெண்டு வழி. ஒண்டு ஏ9, கிளிநொச்சி, வவுனியா போய், அங்கால மன்னார் றோட்டால பறயனாலங்குளம் தாண்டி மடு சந்தி, சந்தியில இருந்து உள்ளுக்க ஒரு 12 கிலோமீற்றர் மாதிரி. மற்றது ஏ32, நாவற்குழியால திரும்பி, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை எண்டு கடற்கரைப் பக்கத்தால மாந்தைச் சந்திக்குப் போய், உயிலங்குளம், முருங்கன் தாண்டி மடு சந்தி. பஸ்ஸில போறவை வவுனியாவுக்குப் போய் மாறுறதுதான் லேசு, பெருநாளுக்கு யாழ்ப்பாணத்தில இருந்தே விசேட பஸ் விடுவினம், பஸ் ஸ்ராண்டில முதல்நாளே நேரம் கேட்டு வையுங்கோ. றெயினில வாறது கொழும்பு ஆக்களுக்குத்தான் வசதி, மடு றோட் ஸ்ரேசன் தலைமன்னார் லைனில இருக்கு, நாங்கள் இஞ்ச இருந்து மதவாச்சிக்குப் போய் மாறி வாறது சும்மா தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை.

வான் பிடிச்சுப் போறதெண்டா போகேக்க ஏ32, வரேக்க ஏ9 எண்டு பேசுங்கோ. ஏ32இல காலமை வேளைக்குப் போகேக்க சங்குப்பிட்டிப் பாலத்தில ரெண்டு பக்கமும் கடல், அதை 2011இல திறந்தது, அதுக்கு முதல் இந்தப் பக்கத்தால போறதெண்டா பாதை எண்டு சொல்லுற மிதவையில ஏறித்தான். பூநகரி தாண்டினா கடை கண்ணி குறைவு, அதால பெற்றோல், தண்ணி, பிள்ளையளின்ர ரொய்லெற் எல்லாத்தையும் யாழ்ப்பாணத்திலயே முடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. வெள்ளாங்குளம் பக்கம் வரேக்க தேவன்பிட்டி எண்டு ஒரு ஊர், கடற்கரையோட. 2008 ஏப்ரலில சண்டை மடுவுக்குக் கிட்ட வரேக்க சுவாமிமார் இந்தச் சுருவத்தைக் கொண்டுவந்து வைச்சது இஞ்சத்தைக் கோயிலிலதான், பிறகு ஆவணிப் பெருநாளுக்கு முதல் திரும்ப மடுவுக்குக் கொண்டு போச்சினம். 1670இல மாந்தையை விட்டு ஓடின மாதா 338 வருசம் கழிச்சு திரும்ப ஒருக்கா மூட்டை கட்டினவா. அந்த இடத்தால போகேக்க எங்கட வானுக்க ஒருத்தரும் கதைக்கிறேல்ல, எங்கட குடும்பமே 95இலயும் பிறகும் எத்தனை தரம் மூட்டை கட்டினது, அந்தக் கணக்கை ஒருத்தரும் இப்ப எடுக்கிறேல்ல, அம்மம்மா மட்டும் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்குவா.

சரி, தங்கிறது. கோயில் வளவுக்க யாத்திரிகர் வீடுகள் இருக்கு, ஆனா பெருநாளுக்கு ஒரு கிழமைக்கு முதல் போன் எடுத்துக் கேட்டா கிடைக்காது, மாசக்கணக்கில முதலே கோயில் அலுவலகத்தில கதைச்சுப் பதியோணும், உங்கட பங்குச் சுவாமியைப் பிடிச்சுக் கேட்டா கெதியா அலுவல் நடக்கும். கிடைக்கேல்லயோ, கவலைப்படாதேங்கோ, கூடாரம் மாதிரிக் கட்டிற தறப்பாள்தான் இருக்கே. எங்கட ஆக்களுக்குத் தறப்பாள் கட்டப் பழக்கவோணுமோ? ஆனா வெளிநாட்டில வளந்த பிள்ளையள் வருதுகள், அதுகளுக்காகச் சொல்லுறன்.

தறப்பாள் கட்ட இடம் பாக்கிறதுதான் முக்கியமான வேலை. பெருநாளுக்கு முதல்நாள் காலமை பத்து மணிக்கு முதல் போய்ச் சேருங்கோ, பிந்தினா நல்ல இடம் எல்லாம் போயிடும். நல்ல மரமாப் பாருங்கோ, ஆனா பட்டுப்போன கொப்பு இல்லாத மரமா, யூலை மாசம் சோளகக் காத்து அடிக்கும், காஞ்ச கொப்பு தலையில விழும். கோயிலுக்கு வலு கிட்டவும் வேண்டாம், ஒலிபெருக்கி விடியவிடியக் கத்தும், கைப்பிள்ளை நித்திரை கொள்ளாது. தண்ணிப் பைப்புக்குக் கிட்ட இருந்தா நல்லதெண்டு நினைப்பியள், நானும் அப்பிடித்தான் நினைச்சு ஒருதரம் பைப்படிக்குப் பத்தடி தள்ளிக் கட்டினன், ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்தா பாய் முழுக்க ஈரம், சனம் குளிக்கிற தண்ணி எல்லாம் சரிவால எங்கட பக்கம்தான் வந்திருக்கு, மாமி உடுப்புப் பையில ஏறிக் குந்திக்கொண்டு இருக்கிறா, அந்த வருசம் அவா எனக்குத் தந்த பேச்சை மடுவில நிண்ட எல்லாரும் கேட்டிருப்பினம். அதால பைப்புக்கு மேட்டுப் பக்கமாக் கட்டுங்கோ. தறப்பாளை ரெண்டு மரத்துக்கு நடுவில நைலோன் கயிறு இழுத்து அதில போட்டு, காத்து வாற பக்கத்தைத் தாழ்த்திக் கட்டி, மூலைகளில கல்லு வையுங்கோ. நிலத்தில முதல் ஒரு பழைய தறப்பாள், அதுக்கு மேல பாய். நிலத்தைக் கூட்டிப்போட்டு விரியுங்கோ, இலை சருகு கிடந்தா அதுக்குள்ள தேள், பூரான், என்ன கிடக்கெண்டு தெரியாது.

என்ன கொண்டு போறது எண்டு பெரிய லிஸ்ட் எல்லாம் போடேல்ல, மறக்கிற சாமானை மட்டும் சொல்லுறன். ரோச் லைற், ஆளுக்கொண்டு, போன் லைற்றை நம்பிப் போகாதேங்கோ. நுளம்புத்திரி. ஒரு கத்தி, கயிறு கூடுதலா. ரெண்டு பெரிய தண்ணிக் கான், குடிக்கிற தண்ணியை வீட்ட இருந்தே கொண்டு போனா வயித்துக்கு நல்லது, குளிக்கக் கழுவ அங்க எடுக்கலாம், ஆனா லைனில நிக்கோணும். பழைய பெற்சீற் ஒண்டு, ஏனெண்டா பகல் முழுக்கத் தீயாக் கொதிச்சுப்போட்டு விடியப்புறம் காட்டுக்க குளிரும், ஒருத்தரும் நம்பமாட்டினம், பிறகு நடுங்குவினம். வயசான ஆக்களுக்கு ஒரு மடக்குக் கதிரை. அவையின்ர பிறெசர், சீனி மருந்துகளை ஒரு தனிப் பையில போட்டு, அந்தப் பை ஆரின்ர பொறுப்பெண்டு வீட்டிலயே சொல்லி வையுங்கோ. புழுதிக்கு மூக்கைக் கட்ட ஒரு துண்டு, அந்தச் செம்மண் புழுதி உடுப்பில ஏறினா லேசில போகாது, அதால வெள்ளை உடுப்பைப் பூசைக்கு மட்டும் வைச்சு, மற்ற நேரத்துக்குப் பழசு எதையாவது கட்டுங்கோ.

சமையல் உங்கட விருப்பம். எங்கட வீட்டில மடுவுக்குப் போய் வரும் வரைக்கும் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் இல்ல, அது அம்மம்மாவின்ர நேர்த்தி, நாங்கள் கேள்வி கேக்கிறேல்ல. மூண்டு கல்லு வைச்சு அடுப்பு மூட்டி, சோறு, பருப்பு, ஒரு பூசணிக்காய்க் கறி, பொரிச்ச மிளகாய், அவ்வளவுதான், புகை மணத்தோட அந்தச் சோறு வீட்டில ஒருநாளும் அப்பிடி வராது. காத்து அடிக்கேக்க நெருப்புக் கவனம், சுத்திவரக் காஞ்ச காடு, சமைச்சு முடிய தண்ணி ஊத்தி அணைச்சுப்போட்டு மண் போட்டு மூடுங்கோ. குரங்குகளுக்கு வாழைப்பழம், பாண், பிள்ளையளின்ர பிஸ்கற் எல்லாம் கண்ணுக்கு முன்னாலயே போகும், சாப்பாட்டுச் சாமானை மூடியுள்ள வாளிக்க வைச்சு மேல ஒரு கல்லு வையுங்கோ. கச்சான் கடை, இனிப்புக் கடை, தேத்தண்ணிக் கடை எல்லாம் வரும், பட்டினி கிடக்கமாட்டியள், ஆனா விலை பெருநாள் விலை.

ஆவணிக்குப் போனா உங்கட தறப்பாளுக்குப் பக்கத்தில சிங்களக் குடும்பம்தான் இருக்கும், பாதி எங்கட பாதி அவையின்ர. ஒரு வருசம் நீர்கொழும்புப் பக்கத்து ஆச்சி ஒராள், ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது, எங்கட அம்மம்மாக்கு ஒரு சொல்லுச் சிங்களம் தெரியாது, ரெண்டு பேரும் இரவு முழுக்க வெத்திலைத் தட்டத்தை நடுவில வைச்சுக்கொண்டு கதைச்சவை. என்ன கதைச்சனீங்கள் எண்டு விடியக் கேட்டா, "அவவின்ர மூத்தவனுக்கும் முழங்கால் வருத்தமாம்" எண்டு சொல்லுறா, எப்பிடி விளங்கினதெண்டு இண்டைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

இப்ப முதல்நாள் பின்னேரம். இதைத் தவற விடாதேங்கோ, பெருநாள் அண்டு விடியப் போறாக்கள் எல்லாரும் தவற விடுறது இதைத்தான். வெஸ்பர் எண்ட மாலைச் செப ஆராதனை, பிறகு நற்கருணைப் பவனி, நற்கருணை ஆசீர். வெயில் தணிஞ்சு, புழுதி அடங்கி, மரங்களுக்கு இடையால லைற் எல்லாம் பத்த, ஆயிரக்கணக்கான சனம் தங்கட தங்கட தறப்பாளுக்க இருந்து எழும்பி வரும். கதிரையோட முன்னுக்குப் போய் இடம் பிடிக்கிற சண்டையில நீங்கள் சேராதேங்கோ, கோயிலுக்கு முன்னால உள்ள வெளியில கொஞ்சம் பின்னுக்கு, பக்கவாட்டில நில்லுங்கோ, ஒலிபெருக்கியில எல்லாம் கேக்கும், பவனி வரேக்கயும் வடிவாப் பாக்கலாம், பிள்ளை அழுதா வெளிய எடுத்துக்கொண்டு போகலாம். ஆராதனை முடிஞ்சோண்ண ஓடிப்போய்ப் படுக்காதேங்கோ. ஒரு மணித்தியாலம் கழிச்சு, சனம் சாப்பிடப் போன பிறகு, கோயிலுக்க போங்கோ. அதுதான் நேரம். உள்ளுக்க அங்கங்க ஆக்கள் நிலத்தில இருப்பினம், சிலபேர் வாசலில இருந்து பீடம் வரைக்கும் முழங்காலில போவினம், ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கிறேல்ல. ஒருதரம் எனக்கு முன்னால ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், கையில எரியிற மெழுகுதிரி, மெழுகு உருகி விரலுக்கு மேல வழியுது, அவாக்குச் சுடுறதே தெரியேல்ல, மேல சுருவத்தைப் பாத்துக்கொண்டு ஒரு பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தவா. ஆம்பிளைப் பிள்ளையின்ர பேர். காணாமப் போனவரோ, வெளிநாடு போனவரோ, நான் கேக்கேல்ல, கேக்கிற விசயமும் இல்ல.

அந்தக் கோயிலில நிக்கேக்க ஒண்டு தெரிஞ்சிருக்கோணும். 90களில ஆயிரக்கணக்கான சனம் அகதியா இந்த வளவுக்கதான் இருந்தது, 1999 கார்த்திகை 20ஆம் திகதி இரவு கோயிலடியில ஷெல் விழுந்து, அடைக்கலம் எண்டு வந்து இருந்த சனத்தில கிட்டத்தட்ட 40 பேர் செத்தவை, அதில சின்னப் பிள்ளையளும். அதால அங்க நிண்டு செல்பி எடுக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, எடுங்கோ, வெளிய முகப்பில நிண்டு எடுங்கோ, ஆனா உள்ளுக்க, முழங்காலில போற ஆக்களைப் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிற பழக்கம் ஒண்டு இப்ப வந்திருக்கு, அதைச் செய்யாதேங்கோ.

பெருநாள் அண்டு விடியக் காலமையே திருவிழாப் பூசை. நாலு மணிக்கு எழும்பினாத்தான் ரொய்லெற் லைனும் குளிப்பும் முடியும், பொம்பிளையளுக்கு அந்த லைன் நீளம், அதால அவை மூண்டரைக்கு எழும்பிறது நல்லம். மன்னார் ஆண்டவரும் வேற மறைமாவட்ட ஆண்டவர்மாரும் சேர்ந்து கூட்டுத்திருப்பலி ஒப்புக்குடுப்பினம், தமிழும் சிங்களமும் கலந்து வரும். வெயில் ஏறினா ஏழு மணிக்கே தலை சுத்தும், வெறும் வயித்தோட நிக்கிற வயசான ஆக்களைக் கவனியுங்கோ, ஒரு போத்தில் தண்ணியும் குடையும் கையில வையுங்கோ. பூசை முடிய சுருவப் பவனி. இதுக்குத்தான் இவ்வளவு சனமும் வந்தது. அம்மாவைக் கீழ இறக்கி, அலங்கரிச்ச கூட்டில வைச்சுக் கொண்டு வருவினம், கூடு கிட்ட வர வர சனம் நெருக்கும், பின்னால இருந்து தள்ளும், பிள்ளையைத் தோளில ஏத்துங்கோ, கையில பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கூட்டைத் தொடவோணும் எண்டு உள்ளுக்க இடிச்சுக்கொண்டு போறாக்கள் இருக்கினம், நான் போறேல்ல, ஒருதரம் போய் செருப்பும் போச்சு, கண்ணாடியும் போச்சு. கடைசியா ஆண்டவர் சுருவத்தைக் கையில எடுத்து நாலு பக்கமும் ஆசீர் குடுப்பார், அந்த நேரம் அவ்வளவு சனமும் டக்கெண்டு அடங்கும், பிள்ளையள்கூட. அந்த ஆசீருக்குத் தூரத்தில நிண்டாலும் ஒண்டுதான், அதால ஓடி இடிபடாம நிக்கிற இடத்திலயே முழந்தாளிடுங்கோ.

ஆக்கள் துலையிறதைப் பற்றி. துலைவினம், கட்டாயம் ஒராளாவது துலைவினம். போன் இருக்குத்தானே எண்டு நினைக்காதேங்கோ, அவ்வளவு சனத்துக்கு நெட்வேர்க் தாங்காது, மணிக்கணக்கா கோல் போகாது. போனோண்ண ஒரு இடத்தைக் குறிச்சு வையுங்கோ, "பெரிய மரத்தடி" எண்டு சொல்லாதேங்கோ, அது காடு, எல்லாமே பெரிய மரம்தான். கடை, லைற் கம்பம், பெயர்ப்பலகை எண்டு ஏதாவது அசையாத ஒண்டு. கடை எண்டா அது ராத்திரியோட கழட்டிக்கொண்டு போற கடையோ எண்டும் பாருங்கோ. சின்னப் பிள்ளையளின்ர கையில போன் நம்பரை பேனையால எழுதுங்கோ, மறதி உள்ள வயசான ஆக்களுக்கும்தான், அவைக்கு ஒரு துண்டில எழுதி சட்டைப் பொக்கற்றில வைச்சா கோவிக்கமாட்டினம். துலைஞ்சா நேரா ஒலிபெருக்கி அறிவிப்பு நடக்கிற இடத்துக்குப் போங்கோ, ஒவ்வொரு பத்து நிமிசத்துக்கும் ஆரோ ஒராளின்ர பேர் சொல்லிக்கொண்டுதான் இருப்பினம், வெக்கப்பட ஒண்டும் இல்ல, எங்கட மாமா அறுபத்திமூண்டு வயசில அறிவிக்கப்பட்டவர்.

நேர்த்தி உள்ள ஆக்கள் முதல்நாளே அதை முடிச்சிடுங்கோ, மெழுகுதிரி கொளுத்திறது, காணிக்கை போடுறது, பூசைக்கு எழுதிறது எல்லாம் பெருநாள் அண்டு செய்யப் போனா லைனிலயே பூசை முடிஞ்சிடும். எங்கட சைவ ஆக்களும் கனபேர் நேர்த்தியோட வருவினம், என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல எண்டு வெளிய நிக்கத் தேவையில்ல, நற்கருணை வாங்கிறது மட்டும்தான் வேதக்காரருக்கு, மிச்சம் எல்லாத்துக்கும் நீங்களும் வரலாம், முழந்தாளிடுறாக்களோட முழந்தாளிடுங்கோ, இல்லாட்டிக் கும்பிட்டுக்கொண்டு நில்லுங்கோ. செருப்பை வெளிய விடேக்க ரெண்டையும் ஒரு பொலித்தீன் பையில போட்டுக் கையோட கொண்டு போறது புத்தி.

மடு மண் எடுக்கிறதை மறக்காதேங்கோ எண்டு வீட்டில ஆராவது சொல்லி விட்டிருப்பினம். பாம்புக் கடிக்கு மடு மண் நல்லதெண்டு பரம்பரையா ஒரு நம்பிக்கை, வீட்டு மூலைகளிலயும் போடுறது, பாம்பு வராதாம். எங்கட வீட்டிலயும் இருக்கு, சாமித் தட்டில ஒரு பேணிக்க. ஆனா ஒண்டு சொல்லுறன், அம்மம்மாக்கு முன்னாலயே சொல்லுவன், பாம்பு கடிச்சா மண்ணைப் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ, கடிச்ச காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு, மடுவில வைச்சு நடந்தா முதலுதவிக் கொட்டிலுக்கு ஓடுங்கோ, அங்க இருந்து மன்னாருக்கோ வவுனியாக்கோ அனுப்புவினம். மண்ணை வந்து பூசலாம். அம்மம்மா அதுக்குச் சொன்ன பதில், "மாதா டொக்டருக்கு எதிரியோ?" எண்டு.

திரும்பி வாறது. ஆசீர் முடிஞ்ச கையோட எல்லாரும் ஒரே நேரத்தில வெளிக்கிடுவினம், சந்திக்குப் போற அந்த 12 கிலோமீற்றரும் வாகனம் நகராது, வெயிலுக்க வானுக்க இருந்து வேகுறதை விட ஆறுதலாத் தறப்பாளைக் கழட்டி, மத்தியானம் சமைச்சுச் சாப்பிட்டு, ஒரு குட்டி நித்திரை கொண்டு மூண்டு மணிக்கு வெளிக்கிடுங்கோ. குப்பையை ஒரு பையில கட்டிக் குப்பை போடுற இடத்தில போடுங்கோ, சாப்பாட்டுப் பொலித்தீனைக் காட்டுக்க எறிஞ்சிட்டு வாறாக்களைக் கண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும், இவ்வளவு நேர்த்தியும் வைச்சுப்போட்டு. நேரம் இருந்தா, மன்னார்ப் பக்கம் போய் வாறதெண்டா, தோட்டவெளியில வேதசாட்சிகள் கோயில் இருக்கு, 1544இல எங்கட யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டுவிச்ச ஒரு 600 பேரின்ர நினைவா, அதையும் பாக்கலாம், ஆனா பிள்ளையள் களைச்சுப் போயிருந்தா விடுங்கோ, அது இன்னொரு நாளைக்கு.

வான் றைவரிட்ட, முதல்நாள் இறக்கி விடேக்கயே, வானை எங்க விடப்போறார், எத்தினை மணிக்கு எங்க வந்து நிக்கோணும் எண்டு ரெண்டு தரம் சொல்லி அவரின்ர வாயால திரும்பச் சொல்ல வையுங்கோ. நாங்கள் ஒருக்கா இதைச் செய்யாம விட்டு, தறப்பாள், குண்டான், கான், அம்மம்மா, அம்மம்மாவின்ர கதிரை எல்லாத்தோடயும் ரெண்டு மணித்தியாலம் புழுதிக்க வான் தேடினனாங்கள், றைவர் எங்களுக்கு நாப்பது யார் தள்ளி ஒரு மரத்துக்குக் கீழ நல்ல நித்திரை.